ஜெயசீலன் சாரின் பிளாசிபிள்

எனக்குச் சந்தேக புத்தி என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் காய்ச்ச விடமாட்டேன். லிப்டில் ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்று அட்டை தொங்கினால் அன்றைக்குப் படியேறித்தான் போவேன். அயனம்பாக்கத்தில் இந்த பிளாட்டை வாங்கும்போது புரோக்கர், “ஏரிக் காத்து ஜிலுஜிலுன்னு வரும் சார்” என்றார். காற்று வருகிற வழியில் தண்ணீரும் வருமே என்று மழைக்காலம் முடியும்வரை பிடிகொடுக்காமல் இழுத்தடித்தேன். தண்ணீர் வரவில்லை. ஆனாலும் மழை வலுத்தால் இன்றைக்கும் பால்கனியில் போய் ஏரிப் பக்கம் ஒரு பார்வை பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் வேறு எப்படி இருப்பான்?

எங்கள் தொழிலில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாகச் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். போன வாரம் ஒருவர் அதில் ஒரு விபத்து அறிக்கையைப் போட்டிருந்தார். அவர் எழுதியது இல்லை. நடந்ததை நாலு வரி தட்டிவிட்டால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். படித்தேன். குறை சொல்ல இடமில்லாத இங்கிலீஷ். கடைசியில், தொழிலாளி பாதுகாப்பு விதியை மீறியதே விபத்துக்கு ‘பிளாசிபிள்’ ஆன காரணம் என்று முடித்திருந்தது. குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் மட்டும், “மிஷினைப் போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.  சாயங்காலம் அவரே போன் செய்தார்.

“அண்ணே, அந்த வார்த்தை மேல உங்களுக்கு என்னண்ணே கோபம்?”

“கோபம் இல்லப்பா. அந்த வார்த்தையைச் சரியா புரிஞ்சுக்காம விட்டிருந்தா ஒரு பொண்ணோட வேலை போயிருக்கும். பக்கத்துல நின்னு பாத்தவன் நான்.”

போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பிளாசிபிள் என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் ‘நம்பத்தகுந்த’ என்று போட்டிருக்கும். இங்கேதான் எனக்குச் சண்டை. நம்பத்தகுந்த ஆள் என்றால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். ஒருவர் பேச்சை பிளாசிபிள் என்று சொன்னால் சாவியை இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது, அப்படி நடந்திருக்கவும் கூடும். நடந்ததா என்று யாரும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பாடி பக்கத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, அதாவது எஸ்டேட்டுக்கு, லேட்டாக வந்தவன், “டிராபிக் சார்” என்றால் அது பிளாசிபிள். அந்த ரோட்டில் டிராபிக் இல்லாத நாள் ஏது? அதனாலேயே தூங்கிவிட்டு வந்தவனும் அதையே சொல்வான். ‘பாசிபிள்’, ‘பிராபபிள்’ என்ற சொற்களெல்லாம் நடந்ததைப் பற்றிப் பேசும். இது சொல்லப்பட்டதைப் பற்றி மட்டும் பேசும். இதற்கு ஒரு சரியான தமிழ் கிடைக்காதா என்று பல வருஷம் தேடியிருக்கிறேன். அகராதியில் கிடைக்கவில்லை.

இந்தச் சொல்லை என் காதில் போட்டவர் ஜெயசீலன் சார். நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். ஐ.டி.ஐ. முடித்து, பிட்டராகக் கொஞ்ச காலம் எண்ணெயில் ஊறி, மாலை வகுப்பில் பாதுகாப்பு டிப்ளமோ படித்து, இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் சீட்டுக்கான இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் உதவிப் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு மேலே ஜெயசீலன் சார்.

ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. விபத்து என்று தகவல் வந்தால் எல்லோரும் மேனேஜர் அறைக்கு ஓடுவார்கள், அவர் மிஷினிடம் போவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். “கை சும்மா இருக்காது, எதையாவது தொட்டுடும்” என்பார். சுற்றி வருவார், தரையைப் பார்ப்பார், குனிந்து முகர்ந்துகூடப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஆட்களோடு பேச்சு. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுவார். என்ன நடந்தது என்று கேட்கமாட்டார். “காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று தொடங்குவார். இட்லியிலிருந்து விபத்து வரைக்கும் அவர்களே நடந்து வரவேண்டும். வந்து சேர்ந்ததும், “இப்ப கடைசிலேருந்து அப்படியே பின்னாடி போங்க” என்பார். உண்மையிலேயே பார்த்தவர்கள் தடுமாறுவார்கள், விட்டதைச் சேர்ப்பார்கள், ‘இல்ல சார், அதுக்கும் முன்னாடி’ என்று தங்களையே திருத்துவார்கள். ஜோடித்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பின்னால் போகவே வராது. மறுபடி இட்லியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஒரு கதை ரொம்பவும் நன்றாக இருந்துவிட்டால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே மெல்ல, “பிளாசிபிள்” என்பார். எதிரில் இருப்பவர் சார் ஒத்துக்கொண்டார் என்று நிம்மதியாக எழுந்து போவார். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியதும் அவருக்கு வேலை ஆரம்பம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் கம்ப்ரசர் அறையில் ஒரு மீட்டரின் கண்ணாடி உடைந்து கிடந்தது. பூனைதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஷெட்டில் பூனைகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. டிபன் பாக்சில் மீன் காணாமல் போவது தொடங்கி எது நடந்தாலும் பழி அதுகள் மேல்தான். சார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “பிளாசிபிள்” என்றார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி மீட்டருக்குப் போகும் குழாயைப் பார்த்தார். தூசி கனமாகப் படிந்திருந்தது, ஒரு கால்தடம் இல்லை. “பூனை பறந்து வந்துச்சா?” என்று கேட்டார். விசாரித்ததில், பூனையை விரட்ட ஒருவர் ஸ்பானரை வீசியிருக்கிறார். பூனை தப்பித்துவிட்டது, மீட்டர் மாட்டிக்கொண்டது. “பாத்தியா, பூனை இருந்தது நிஜம். முழுப் பொய்யை எவனும் சொல்றதில்ல. பாதி நிஜத்தைக் கொண்டாந்து அதுல கலக்கறான். அதனாலதான் கேக்க நல்லா இருக்கு” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிரஸ் ஷாப் விபத்து நடந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.

பிரஸ் மிஷின் இரும்புத் தகட்டை அடித்து வடிவத்துக்குக் கொண்டுவரும். கீழே அச்சு, மேலிருந்து பாரம் இறங்கும். நடுவில் கை இருந்தால் போயிற்று. அதனால் மிஷினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பாரம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது என்பது கணக்கு. நம் ஆட்கள் விடுவார்களா? ஒரு பட்டனை அழுத்தி, அதன் இடுக்கில் அட்டையை மடித்துச் சொருகிவிடுவார்கள். அது அழுந்தியபடியே நிற்கும். ஒரு கையால் மற்ற பட்டனைத் தட்டிக்கொண்டு இன்னொரு கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். வேலை வேகமாக ஓடும், அடித்த பீஸ் கணக்கு ஏறும். எஸ்டேட்டில் பழைய பிரஸ் ஓட்டிய யாரைக் கேட்டாலும் இந்த அட்டை வித்தையைச் சொல்வார்கள்.

இதற்காகவே ஜெயசீலன் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிரஸ் ஷாப்பின் மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு. காலையில் அவரே அதைத் திறந்து, ஒவ்வொரு மிஷினாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்க விடுவார். சாவி அவர் இடுப்பில் தொங்கும். அவர் திறக்காமல் அங்கே ஒரு மிஷின் ஓடாது. மேனேஜர் முதற்கொண்டு எல்லோருக்கும் இதில் எரிச்சல்தான்.

அன்றைக்கும் காலையில் எல்லா மிஷினும் சரியாகத்தான் இருந்தன. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், எஸ்தர் என்ற பெண்ணின் வலது கை மிஷினில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து போகும் பெண். காண்டிராக்டில் எடுத்தவர்களில் வேலை சுத்தமாகச் செய்பவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான், வேறொரு ஷெட்டில் இருந்த நாங்கள் போய்ச் சேர்ந்தோம். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மிஷினின் வலது பட்டனில் மடித்த அட்டை சொருகியிருந்தது.

பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் கஜேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். “இன்னா சார் பண்றது, எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேன்றாங்க. பீஸ் ஜாஸ்தி எடுக்கணும்னு அட்டைய சொருகிகினு ஓட்டிக்கீறா. நான் டீ குட்ச்சிட்டு வர்றதுக்குள்ள ஆயிப்போச்சு.”

பக்கத்து மிஷின்களில் இருந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டோம். இருவரும், “பீஸ் ஜாஸ்தி எடுக்கணும்னு அட்டைய சொருகிகினு ஓட்டிக்கீறா சார்” என்றார்கள். கேன்டீன் டீயில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர், ஒரு வார்த்தை மாறாமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு உள்ளே ஏதோ நெருடியது. பின்னாலிருந்து சொல்லச் சொன்னார் சார். இருவருமே மறுபடி இட்லிக்குப் போனார்கள்.

என் கண்ணில் இன்னொன்றும் பட்டது. கஜேந்திரன் அந்த மிஷினைச் சுற்றிக் கயிறு கட்டி, “யாரும் தொடாதீங்கப்பா, ரூல்ஸ்” என்று விரட்டிக்கொண்டிருந்தார். விபத்து நடந்த மிஷினைத் தொடக்கூடாது என்பது விதிதான். ஆனால் ஹெல்மெட்டைக் கூடையாக்கி அதில் வேர்க்கடலை வைத்துத் தின்கிற மனிதருக்கு விதி மேல் திடீரென்று எங்கிருந்து பாசம் வந்தது?

ஜெயசீலன் சார் கண்ணாடியைத் துடைத்தார். “பிளாசிபிள்.”

“சார் இன்னா சொல்றாரு?” என்று கஜேந்திரன் என் காதைக் கடித்தார். “ஒண்ணுமில்லண்ணே, இங்கிலீஷ்” என்றேன். அவர் எங்கள் இருவருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

கம்பெனி விதி தெளிவாக இருந்தது. அடிபட்டவர் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தானே கெடுத்திருந்தால் வேலை கிடையாது. அப்படி இல்லையென்றால் அவரால் முடிந்த வேறு வேலை கொடுத்தாக வேண்டும். ஆக, அந்த அட்டையைச் சொருகியது யார் என்பதில்தான் எஸ்தரின் வேலை இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கஜேந்திரன் எங்களுக்கு முன்பே அங்கே உட்கார்ந்து எஸ்தருக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அம்மா செத்ததற்கு லீவு கேட்டவனிடம், “எப்போ எடுக்குறாங்க? எட்த்துட்டு மத்தியானம் வந்துடு” என்று சொன்ன மனிதர் அவர். நரம்பு நரம்பாகப் பிரித்துச் சுளையை நீட்டிக்கொண்டிருந்தார். சார் அவரை வெளியே இருக்கச் சொன்னார்.

“என்னம்மா ஆச்சு?” அன்றைக்கு மட்டும் சார் இட்லியில் தொடங்கவில்லை.

எஸ்தர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி சொன்னாள். “நாந்தான் சார் அட்டைய சொருகினேன். பீஸ் ஜாஸ்தி எடுக்கலாம்னு.”

“எந்தப் பட்டன்ல?”

“வலது பக்கம்.”

“அதுக்கப்புறம் எப்படி ஓட்டினே?”

“இடது கையால தட்டி தட்டி ஓட்டினேன். பீஸ் மாட்டிக்கிச்சு. எடுக்கறப்போ பட்டன்ல இடிச்சிக்கினேன்.”

அடிபட்டவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. பார்த்தவர்கள் சொன்னதும், மிஷினில் இருந்ததும், அவள் சொன்னதும் அச்சாகப் பொருந்தின. சார் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை வெகுநேரம் துடைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். “எல்லாரும் நம்பச் சொல்றாங்க. மிஷின் என்ன சொல்லுதுன்னு கேட்டியா?”

மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்தோம். மேனேஜர், கஜேந்திரன், எலக்ட்ரீஷியன், பக்கத்து மிஷின் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். அச்சுக்குள் எதுவும் இல்லை என்று சார் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது பட்டனில் இருந்த அட்டையைத் தொடவில்லை. அந்த மிஷினின் சுவிட்சைப் போடச் சொன்னார்.

“கஜேந்திரன், எஸ்தர் எப்படி ஓட்டினா? நீங்க ஓட்டிக் காட்டுங்க.”

கஜேந்திரன் முன்னால் போய் இடது பட்டனைத் தட்டினார். மிஷின் அசையவில்லை. மறுபடி தட்டினார். உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஒன்றும் இல்லை.

“கரண்டு வர்ல போலக்கீது” என்றார்.

சார் போய் வலது பட்டனிலிருந்த அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் அழுத்தினார். பாரம் ‘தடால்’ என்று இறங்கி ஏறியது. தரை அதிர்ந்தது. 

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில மாதம் முன்பு அந்த வரிசை மிஷின்களுக்குப் புது கண்ட்ரோல் பேனல் மாட்டியிருந்தார்கள். பழைய பிரஸ்ஸில் அட்டை வித்தை பலிக்கும். புதுப் பேனலில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பட்டனையும் விட்டு, மறுபடி சேர்த்து அழுத்தவேண்டும். ஒன்று அழுந்தியே இருந்தால் மிஷின் படுத்துவிடும். அட்டை சொருகி அந்த மிஷினில் ஒரு பீஸ்கூட அடித்திருக்க முடியாது.

“கதை நல்லாத்தான் இருந்துச்சு. மிஷினுக்குப் பிடிக்கல” என்றார் சார்.

எலக்ட்ரீஷியன்தான் முதலில் உடைந்தார். அன்று காலை சார் பார்த்துவிட்டுப் போன பிறகு அந்தப் பேனல் அடிக்கடி முரண்டு பிடித்திருக்கிறது. உற்பத்தி குறைகிறது என்று கஜேந்திரன் சத்தம் போட, இவர் பேனலுக்குள் ஒரு ஒயரை இணைத்து, ஒரே பட்டனில் ஓடும்படி செய்துவிட்டார். எஸ்தர் மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்க வலது கையை உள்ளே விட்டபோது அவளுடைய இடது முழங்கை பட்டனில் பட்டிருக்கிறது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் இவர்கள் ஒயரைக் கழற்றிப் பேனலைப் பழையபடி ஒழுங்காக்கிவிட்டு, அவசரத்தில் பழைய மிஷின் நினைப்பிலேயே அட்டையைச் சொருகியிருக்கிறார்கள். ஒயரை அப்படியே விட்டிருந்தால்கூட மிஷின் ஓடியிருக்கும், நாங்களும் நம்பியிருப்போம். தடயத்தை மறைக்க மிஷினைச் சரிசெய்தார்கள், சரியான மிஷின் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று மதியம் ஜெயசீலன் சாரை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாப்பாடு உள்ளேயே போயிற்று. பிரியாணி வாசனை வந்தது. நான் வெளியே நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. வெளியே வந்ததும், “கஜேந்திரனையும் எலக்ட்ரீஷியனையும் நிறுத்தி வச்சிட்டாங்க. எஸ்தருக்கு ஸ்டோர்ஸ்ல வேலை. அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வரலாம்னு சொல்லியிருக்காங்க” என்றார்.

“நம்பலாமா சார்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எஸ்தரிடம் சொல்ல நான்தான் வேப்பம்பட்டுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஷீட் போட்ட வீடு. நல்ல செய்தி கொண்டுபோகிற மிதப்பில் போனேன். அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“உண்மைய கண்டுபுட்ச்சிட்டீங்க இல்ல? சந்தோசமா சார்?”

“ஏம்மா அப்படிச் சொல்றே? அவங்க பண்ணின தப்பை நீ ஏன் தலைல போட்டுக்கிட்டே?”

“என் தங்கச்சி அங்கதான பேக்கிங்ல கீறா. நாந்தான் செஞ்சேன்னு நீ சொல்லிட்டா அவ வேலைய ஒண்ணும் பண்ண மாட்டோம், உனக்கும் வேற எடத்துல சேத்து வுடுறேன்னு கஜேந்திரன் சார் சொன்னாரு. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் ஊட்லதான் குந்தணும்னாரு. எனக்கோ கை போச்சு. அவ ஒருத்தியாச்சும் சம்பாரிக்கட்டும்னுதான் சொன்னேன். இப்ப எல்லாம் போச்சா?”

 அவள் பொய் சொன்னாள் என்பதைக் கண்டுபிடித்த நாங்கள், எதற்குச் சொன்னாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அவமானமாக இருந்தது. தங்கச்சிக்கு ஒன்றும் ஆகாது என்றேன். ஸ்டோர்ஸ் வேலையைச் சொன்னேன். மேனேஜரே வாக்குக் கொடுத்தார் என்றேன், திங்கட்கிழமை என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

“நம்புற மாதிரிதான் சார் கீது.”

அந்தத் ‘தான்’ என்பதை அவள் இழுத்த இழுப்பில் நான் பல வருஷம் தேடிய தமிழ் இருந்தது. அதற்குச் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை.

“மிஷின ஓட்டிக் காமிச்சாங்களாமே, தங்கச்சி சொன்னா. இதையும் அதே மாதிரி ஓட்டிக் காமிக்க சொல்லுங்க சார். அப்பால நம்புறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் திரும்பிப் போய் ஜெயசீலன் சாரிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அந்தப் பொண்ணு நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்கவேண்டியவ” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை காலை எஸ்தர் வந்தாள். வலது கையைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள், தங்கச்சி பக்கத்தில் வந்தாள். எங்கள் கம்பெனியில் கேட்டில் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். அவள் பதிந்து வைத்திருந்தது வலது கை ஆள்காட்டி விரல். அது இப்போது இல்லை. வேறு விரலைப் பதிந்து கொடுங்கள் என்று, வருகைப் பதிவு பார்க்கும் நேர அலுவலகத்து ஆளிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்தப் பேரே இல்ல சார். விபத்து அன்னிக்கே எடுத்துட்டாங்க. புதுசா போடச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லல.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘பாத்தியா’ என்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான். நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். இன்றைக்குப் போய்விட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

அப்போது ஜெயசீலன் சார் வந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். உள்ளே போகவில்லை. செக்யூரிட்டியிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, எஸ்தரை அதில் உட்கார வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெயின் சுவிட்சின் சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷிப்டு தொடங்கும் மணி அடித்தது. பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எஸ்டேட்டில் மற்ற ஷெட்டுகளில் எல்லாம் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன, எங்கள் ஷெட் மட்டும் அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிரஸ் ஷாப்பிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார். “சார், எல்லாரும் நிக்கறாங்க சார்.”

“நானும்தான் நிக்கறேன். இந்தப் பொண்ணு உள்ள போனதும் வர்றேன்” என்றார் சார், குரலை உயர்த்தாமல்.

மீட்டிங் முடிந்துவிட்டது போலிருக்கிறது. மேனேஜர் தானே நடந்து கேட்டுக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் நேர அலுவலகத்து ஆளிடம், “போட்டுடுப்பா” என்றார். அந்த ஆள் பெயரைப் போட்டார், இடது கை ஆள்காட்டி விரலைப் பதியச் சொன்னார். எஸ்தர் பழக்கமில்லாத அந்த விரலை வைத்ததில் இரண்டு தடவை பதியவில்லை. தங்கச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பதிந்தது.

“இப்ப கேட்ல வெச்சிப் பாரும்மா.”

வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. நாங்கள் எல்லோரும் அவள் உள்ளே போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போகவில்லை. விரலை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். ஜெயசீலன் சாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி அதே விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பச்சை எரிந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே காலை எடுத்து வைத்தாள்.